ரெண்டாள் வண்டி

நாமக்கல் சந்தைக்கு நடுவில், காலைப் பனி விலகுமுன் மோட்டார் காரை மாடு பூட்டி இழுத்துக்கொண்டு போனால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. புளி விற்க வந்தவர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மாட்டுத் தரகன் ஒருத்தன் கூடவே நடந்து வந்து, "ஏனுங்க டிரைவரே, முன்னால போற ரெண்டும் எத்தன பல்லுன்னு பாத்துட்டனுங்க. பின்னால வாரது எத்தன பல்லுங்க?" என்று கேட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த தீர்த்தகிரிக்குத் துண்டால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. மூடினால் வண்டி சாக்கடையில் இறங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தான். பக்கத்து சீட்டில் இருந்திருக்க வேண்டிய பண்ணை முதலாளி, சின்னப் பண்ணாடி நாச்சிமுத்து, அந்த அவமானத்தைப் பார்க்கச் சகியாமல் முன்னாலேயே ஒரு குதிரை வண்டி பிடித்து ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்.

இரண்டாம் உலகச் சண்டை வருவதற்கு இரண்டு வருசம் முந்தைய மார்கழி அது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருத்தர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. கூரை கிடையாது. சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, மூக்கைச் சுற்றி ஒரு தோல் வார், முதுகில் ஒரு உபரிச் சக்கரம். இரண்டு பேர்தான் உட்காரலாம். மூன்றாவது ஆள் வேண்டுமென்றால் ஓடித்தான் வர வேண்டும். பெரிய பண்ணாடி காலமான கையோடு மகன் வாங்கிய முதல் பொருள் அதுதான். மோகனூர் ரோட்டில் அது ஓடுவதைப் பார்த்தவர்கள் ரெண்டாள் வண்டி என்று பேர் வைத்தார்கள்.

தீர்த்தகிரி அதற்கு முன்னால் பண்ணைக் கிணற்றில் கவலை ஓட்டிக்கொண்டிருந்தவன். காளைகளை முன்னும் பின்னும் நடத்திக் கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் ஏற்றுகிற வேலை. விடியுமுன் இறங்கினால் வெயில் ஏறும் வரைக்கும் அந்தப் பத்தடிச் சரிவிலேயே ஏறி இறங்க வேண்டும். அங்கிருந்து அவனைச் சேலத்து பஸ் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பி வேலை கற்க வைத்தவர் சின்னப் பண்ணாடிதான். காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்டுத் திரும்பி வந்தவன் கிணற்று மேட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. கவலைக்காரர்கள் கூப்பிட்டால்கூடக் காது கேட்காதவன் மாதிரி போவான். ஏணியில் ஏறியவன் எல்லாரும் செய்வதுதான்.

அவனுடைய பெண்டாட்டி ராசாத்தி. கார் நிற்கும் கொட்டகையை ஒட்டினாற்போல இருந்த ஓலை வீட்டில் குடியிருப்பு. பண்ணைக் கட்டுத்தறியில் சாணி வாருவது, கடலைக்காய் உரிப்பது, பருத்தி எடுப்பது என்று பகல் முழுக்க அவளுக்கு வேலை ஓயாது. பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் அவன் சந்தைக்குப் போனால் பொரிகடலையாவது மடியில் கட்டிக்கொண்டு வருவான். கார் வந்தபிறகு சந்தையிலிருந்து வந்ததெல்லாம் காருக்குத்தான் வந்தது. அவள் தலைக்கு அரப்பு, காருக்கு டப்பாவில் அடைத்த சீமை மெழுகு. பூச்சரம் வாங்கினால் முதலில் காருக்குக் கட்டுவான். மீந்தது ஒரு சாண் இருந்தால் அது அவளுக்கு. அதையும் அவனாகக் கொடுப்பதில்லை. அவளாகக் கேட்க வேண்டும்.

"எஞ் சக்களத்திக்குச் சாத்துனது போக மிச்சம் இருக்குதுங்களா?" என்பாள்.

"வண்டியப் போயி சக்களத்திங்கறா பாரு. அது சோறு போடற சாமி, புள்ள."

"சோறு போடறது நானு. அவ போட்டு என்னைக்குத் தின்னீங்க?"

பொறாமைதான், வேறென்ன. பெண்களுக்கு வருகிற பொறாமைக்கு எதிரில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவள் அந்தக் கொட்டகை வாசற்படியைத் தாண்டினதே கிடையாது. சோற்றுச் சட்டியை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். உள்ளே அவன் அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

ஐப்பசி மழையோடு வண்டிக்கு நோவு கண்டது. காலையில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் கிளம்பாது. தோள்பட்டை கழன்று போகிற வரைக்கும் சுற்றினால் ஒரு இருமல், ஒரு தும்மல், அப்புறம் பின்னால் குழாயில் டப்பென்று ஒரு வெடி. கட்டுத்தறியில் எருமைகள் மிரளும். எப்படியோ பிடித்துக்கொண்டாலும் நொண்டி நொண்டித்தான் ஓடும். மார்கழி பிறந்ததும் இன்னும் மோசம். தீர்த்தகிரி பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டினான். கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதினான். பிளக்குகளைக் கழற்றி அடுப்புத் தணலில் வாட்டிச் சூட்டோடு மாட்டினான். அன்றைக்கு மட்டும் கிளம்பும். மறுநாள் பழைய குருடி.

கடைசியில் அவனுக்குக் காரணம் புரிந்துவிட்டது. கண்ணேறு. மோகனூரில் பண்ணாடியின் மச்சினன் செங்கோடன் இருக்கிறாரே, நாலு பேர் உட்காருகிற பெரிய கார் வைத்திருப்பவர், அவர் ஆயுதபூஜைக்கு வந்தபோது இந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "அட, சின்னதா இருந்தாலும் சும்மா சிட்டாட்டம் இருக்குது மாப்ள" என்றார். அந்தக் கண்தான் பட்டுவிட்டது. தீர்த்தகிரி எலுமிச்சம்பழம் கட்டினான், மிளகாய் சுற்றிப் போட்டான், வெள்ளிதோறும் சூடம் காட்டிச் சந்தனமும் குங்குமமும் வைத்தான். வெளியே வைத்தது போதாதென்று பானெட்டைத் திறந்து, ஆயுதபூஜைக்கு உள்ளே வைத்திருந்த பொட்டின்மேலேயே மறுபடியும் மறுபடியும் வைத்தான். நோவு கூடக் கூட பூஜையும் கூடியது.

சந்தையில் மாடு பூட்டி இழுத்து வந்த அன்று பண்ணாடி அவனைக் கூப்பிட்டார். கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார். மெதுவாகப் பேசுவார். அதுதான் பயம்.

"மோகனூர்ல எனக்குப் பையன் பொறந்து தொட்டல்ல கெடக்கறான். இன்னும் போயிப் பாக்கல. போனா இந்த வண்டியிலதான் போவேன். அந்தச் செங்கோடன் வாசல்ல இது நின்னு இருமிச்சுன்னா நான் தலையத் தூக்க முடியுமா?"

"முடியாதுங்க பண்ணாடி."

"சேலத்துல இருந்து ஞானதாசுன்னு ஒரு பிட்டரு வாரான். அவன் சரி பண்ணிப்போட்டான்னா வண்டி இனிமே அவன் கையிலதான். நீ கவலைக்குப் போயிரு."

தீர்த்தகிரி வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. காக்கிச் சட்டையோடு கிணற்று மேட்டில் நிற்பதாக நினைத்துப் பார்த்தான். கவலைக்காரன் கந்தப்பன் வாலைப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பான். ஊரே வேடிக்கை பார்க்க வரும்.

ஞானதாஸ் பஸ்ஸில் வந்து இறங்கினான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, கையில் ஒரு தகரப் பெட்டி. மெலிந்த ஆள், அவசரப்படாத ஆள். வந்தபோது உச்சி வெயில். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஹேண்டிலைப் போட்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். வண்டி கிளம்பிவிட்டது. கிளம்பினது மட்டுமல்ல, தேங்காய் எண்ணெய் ஊற்றியது போல ஓடியது.

தீர்த்தகிரிக்கு அந்த ஒரு இழுப்பு தன் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெடியக்காலம் பூரா நான் கையொடிந்து சுற்றினாலும் வராதவள், எவனோ ஒருத்தன் வந்து தொட்டதும் வந்துவிட்டாளே! வண்டி நன்றாக ஓடுகிறதே என்று ஒரு டிரைவர் வருத்தப்பட்டதை எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் கண்டதில்லை.

"நோவே இல்லாத வண்டிக்கு என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க?" என்றான் ஞானதாஸ். "டிரைவரே, இது எப்பவும் மக்கர் பண்ணுதா, இல்ல ஏதாச்சும் ஒரு நேரத்துல மட்டுமா?"

காலையில் மட்டும் என்று சொன்னால் போதும். தீர்த்தகிரிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் நாக்கு வேறு மாதிரி புரண்டது. "எப்பவுமேதானுங்க. நேரங்காலமெல்லாம் இல்லீங்க" என்றான். கண்டுபிடிக்கட்டுமே, பெரிய பிட்டர்!

ஞானதாஸ் அன்று பொழுது சாய்கிற வரைக்கும் பெட்ரோல் டாங்கியைக் கழற்றிக் கழுவினான். மறுநாள் கார்புரேட்டரை அக்கு அக்காகப் பிரித்துத் துணியில் பரப்பினான். வண்டி ஓடும்போதே நாலு பிளக் ஒயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். எதைப் பிடுங்கினாலும் ஓட்டம் சரிந்தது. அப்படியென்றால் நாலும் உயிரோடுதான் இருக்கின்றன. அவனுக்கு எங்கேயும் பிடி கிடைக்கவில்லை. தீர்த்தகிரி ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தபடி பக்கத்திலேயே நின்றான். முகத்தில் துக்கம், உள்ளே பொங்கல்.

பண்ணை விருந்தாளி என்பதால் ஞானதாசுக்குச் சோறாக்கிப் போடும் வேலை ராசாத்திக்கு வந்தது. கம்பஞ்சோறும் கொள்ளுச்சாறும் கொண்டுவந்தாள். கூட ஒரு முட்டையைப் பொரித்து வைத்திருந்தாள். தீர்த்தகிரியின் கண் முட்டையிலேயே நின்றது. அவனுக்கும் வைத்திருந்தாள், அது வேறு விசயம்.

"கொள்ளுச்சாறு நல்லாருக்குது தங்கச்சி" என்றான் ஞானதாஸ். "எங்க ஊட்ல தெரசம்மாளுக்கு இந்தப் பக்குவம் வராது."

ராசாத்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. சோறு நல்லாயிருக்கிறது என்று ஒரு ஆம்பிளை வாயால் கேட்டு எத்தனை காலம்! தீர்த்தகிரி அந்த மலர்ச்சியையும் பார்த்தான். வண்டி, பெண்டாட்டி இரண்டும் ஒரே ஆளிடம் சிரிக்கின்றன என்று அவன் மனசில் ஓடியது.

"இந்த வண்டிதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது" என்றான் ஞானதாஸ். "எப்பவும் கெட்டு நிக்குதுங்கறாரு டிரைவரு. நான் வந்ததுல இருந்து குதிரையாட்டம் ஓடுது."

"எப்பவுமா?" கொட்டகை வாசலில் நின்ற ராசாத்தி சிரித்தாள். "யாருங்கண்ணா சொன்னா? வெடியாலதான் அவளுக்கு எல்லா நோவும். பொழுது ஏறிப் பனி காஞ்சிருச்சுன்னா சொன்ன பேச்சுக் கேப்பா. மழ பேஞ்ச அன்னைக்கு மட்டும் பகல்லயும் மொரண்டு பண்ணுவா. நேத்தும் இன்னைக்கும் நீங்க வெயில் வந்துதானே தொட்டீங்க?"

"உனக்கு எப்படித் தெரியும், தங்கச்சி?"

"தெரியாம? இந்தச் செவுத்துக்கு அக்கட்டால படுத்திருக்கறேன். சக்களத்தி எப்ப எந்திரிக்கறா, எப்பச் சிணுங்கறான்னு எனக்குத் தெரியாதுங்களா?"

ஞானதாஸ் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டான். "பனி... ஈரம்..." என்று இரண்டு தரம் சொன்னான். தீர்த்தகிரி ராசாத்தியைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரிந்திருக்கும். சட்டியை எடுத்துக்கொண்டு போனவள் பின்னாலேயே போனான்.

"உன்னை எவன் கேட்டான் அங்க?"

"கேட்டதுக்குச் சொன்னனுங்க. வண்டி சரியானா உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

"வண்டி சரியானா அது அவனுக்குப் போயிரும். அவனுக்கு முட்டை பொரிச்சுப் போட்டுட்டு, என் பொழப்பையும் எடுத்துக் குடுத்துட்டியா?"

"பொழப்புப் போனா போவுது, சக்களத்தி போனாச் சரின்னு நான் நெனைக்கலீங்க" என்றாள் ராசாத்தி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெனச்சேன். ஆனா அதுக்காகச் சொல்லல" என்றாள்.

மறுநாள் வெடியால, பனி சொட்டிக்கொண்டிருக்கும்போதே ஞானதாஸ் கொட்டகைக் கதவைச் சாத்தி உள்ளே இருட்டாக்கினான். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இப்பச் சுத்துங்க டிரைவரே" என்றான். தீர்த்தகிரி சுற்றினான். வண்டி இருமியது. ஞானதாஸ் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "இன்னொருக்கா." சுற்றினான். "இன்னொருக்கா." பிறகு, "பண்ணாடியக் கூப்பிடுங்க" என்றான்.

பண்ணாடி போர்வையோடு வந்தார். ஞானதாஸ் அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னான். எஞ்சினில் கறுப்பாக ஒரு மூடி இருக்கிறது. அதிலிருந்துதான் நாலு பிளக்குக்கும் நாலு ஒயர் போகிறது. தீர்த்தகிரி சுற்றச் சுற்ற, அந்த மூடியின் மேல் நீலநிறப் பொறி சின்னச் சின்னதாக ஊர்ந்து ஒரு ஒயரின் அடியிலிருந்து அடுத்த ஒயரின் அடிக்குப் போனது. பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு மூடியின் மேலேயே மேய்ந்து தீர்ந்துகொண்டிருந்தது.

"அது என்னடா ரோடு போட்டாப்பல?" என்றார் பண்ணாடி.

கதவைத் திறந்தார்கள். வெளிச்சத்தில் தெரிந்தது. மூணு விரலால் இழுத்த சந்தனப் பட்டை, அதன்மேல் குங்குமம், அதன்மேல் அடுத்த வெள்ளியின் சந்தனம் என்று வாரா வாரம் ஏறி, நாலு ஒயரையும் சுற்றி வரப்புக் கட்டினாற்போல நின்றது. பனியில் நனைந்து பிசுபிசுத்தது.

"வந்த அன்னைக்கே கண்ணுல பட்டுச்சுங்க" என்றான் ஞானதாஸ். "எந்த மிசினுக்குத்தான் பொட்டு இல்லை? அதுவும் நான் வேதக்காரன். அடுத்தவங்க சாமிக்கு வெச்சதைத் தொடக் கூடாதுன்னு விட்டுட்டேன். இந்த ஊரு உப்புத்தண்ணியில இழைச்ச சந்தனங்க இது. காஞ்சு கெடந்தா ஒண்ணும் பண்ணாது. நனைஞ்சா நெருப்பு அது வழியாத்தான் போகும். டிரைவரே, நீங்களே தொடச்சிருங்க."

தீர்த்தகிரி பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தான். துடைத்து, காயவைத்து, மூடியை மாட்டி, ஞானதாஸ் ஹேண்டிலை அரைச் சுற்றுத்தான் சுற்றினான். பனிக்குள்ளேயே வண்டி பிடித்துக்கொண்டது. நாலும் சேர்ந்து ஒரே குரலில் ஓடியது. பண்ணாடி சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"எவன் வெச்சது?"

ராசாத்தி அப்போதுதான் வாசலில் வந்து நின்றாள், வரக்காப்பிச் செம்போடு. தீர்த்தகிரி அவளைப் பார்த்தான். ஞானதாசைப் பார்த்தான். ஞானதாசின் கை வண்டியின் மூக்கின் மேல் இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும்தான் அவன் வாயில் அந்தச் சொல் வந்தது.

"எம் பொண்டாட்டிங்க. பொம்பள... வெள்ளிக்கெழமையானா எதுலயாச்சும் சந்தனத்தத் தடவிக்கிட்டே இருப்பாளுங்க. நான் கவனிக்காம உட்டுட்டனுங்க."

ஞானதாஸ் வாசல் பக்கம் திரும்பி, "நீயா தங்கச்சி வெச்சது?" என்று கேட்டான். அவள் சோற்றுச் சட்டியை எப்போதும் எங்கே வைப்பாள் என்று இரண்டு நாளாகப் பார்த்தவன் அவன்.

ராசாத்தி புருசனைப் பார்க்கவில்லை. "ஆமாங்கண்ணா. நாந்தான் வெச்சேன்" என்றாள்.

"பொம்பள புத்தியக் காட்டிப்போட்டியே!" என்று பண்ணாடி தொடையில் தட்டிச் சிரித்தார். "செரி, போவுது. இனிமே இந்தக் கொட்டாய்ப் பக்கம் உன்னப் பாக்கக் கூடாது. பிட்டரே, வண்டி உனக்குன்னு சொல்லியிருந்தேன்..."

"எனக்குச் சேலத்துல பட்டறை கெடக்குதுங்க" என்று ஞானதாஸ் தகரப் பெட்டியை மூடினான். போகும்போது தீர்த்தகிரியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பொழுது ஏறினதும் மோகனூர் போகலாம் என்றார் பண்ணாடி. தீர்த்தகிரி தொப்பி எடுக்க வீட்டுக்கு ஓடினான். ராசாத்தி சேலைகளை ஒரு துணியில் போட்டு முடிந்துகொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, வேற என்ன பண்ணச் சொல்ற? நாந்தான்னு சொன்னா நாளைக்கே கவலைக்குத் தள்ளிருவாரு. உன்னையா அடிச்சுப்போட்டாரு? சிரிச்சுட்டுத்தான போனாரு?"

"அடுப்புல களி இருக்குது. கீரை கடைஞ்சு வெச்சிருக்கறேன்."

"எங்க போற?"

"எங்கம்மா ஊட்டுக்கு. மோகனூரு." முடிச்சை இறுக்கினாள். "அவளுக்குப் பூ வெச்சீங்க, பொறுத்தேன். சந்தனம் வெச்சீங்க, பொறுத்தேன். அவளுக்கு வெச்ச சந்தனத்துக்கு எனக்குப் பழிய வெச்சீங்களே, அத எங்க போயித் தொடைக்கறது?"

வெளியே பண்ணாடி ஹாரனை அடித்தார். தீர்த்தகிரி தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

வண்டியைத் துடைத்து, பண்ணாடி உடுத்தி, பலகாரக் கூடையைக் காலடியில் வைத்துக் கிளம்ப நல்ல வெயில் ஆகிவிட்டது. அப்படி ஒரு ஓட்டத்தை அந்த வண்டி அதற்குமுன் ஓடியதில்லை. ரோட்டோரத்துப் புளியமரங்கள் பின்னால் பறந்தன. சோளத்தட்டு ஏற்றிய வண்டிகள் ஒதுங்கி வழி விட்டன. பண்ணாடி மீசையைத் தடவிக்கொண்டு, "இப்ப வரட்டும் செங்கோடன்" என்றார். தீர்த்தகிரிக்கும் ஒரு கணம் மார்பு விம்மியது. வண்டி தன்னுடையதுதான், தன் கைக்குள்தான்.

அப்போது முன்னால் ரோட்டோரமாக ஒரு பெண் போவது தெரிந்தது. தலையில் துணி மூட்டை. வேகமான நடை.

"அது உம் பொண்டாட்டிதானேடா? எங்க போறா?"

"அவிங்கம்மா ஊட்டுக்குங்க."

"கோவமாக்கும். ஹாரன அடி, நடு ரோட்டுக்கு வாரா."

அடித்தான். அவள் திரும்பாமலே ஒதுங்கி நின்றாள். வண்டி தாண்டிப் போனது. கண்ணாடியில் பார்த்தான். புழுதி எழும்பி அவளை மூடிவிட்டது. புழுதி அடங்கி அவள் வெளியே வருகிற வரைக்கும் அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை. வரவே இல்லை போல இருந்தது. ஒரு வளைவு தாண்டினதும் அவன் கால் தானாகப் பிரேக்கை அமுத்தியது.

"என்னடா, மறுக்காவும் நோவு வந்துருச்சா?" பண்ணாடி பதறினார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க பண்ணாடி." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சந்தனம் வெச்சது நாந்தானுங்க. அவ அந்தக் கொட்டாய்க்குள்ள காலே வெச்சதில்லீங்க."

பண்ணாடி மீசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாக, "எறங்கு" என்றார். இறங்கினான். அவர் நகர்ந்து ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தார். "தொப்பியக் குடு. இனிமே வெடியால கந்தப்பங்கூடக் கவலைக்கு வந்து சேரு."

தீர்த்தகிரி வந்த வழியே நடந்தான். ராசாத்தி எதிரே வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் புழுதி, புருவம்கூட வெளுத்திருந்தது. அவன் தலையில் தொப்பி இல்லாததைப் பார்த்து நின்றாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னாரு?"

"கவலைக்குப் போகச் சொல்லிட்டாரு."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். அவன் கை நீட்டினான். அவள் தலை மூட்டையை இறக்கி அவன் தோளில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா ஊட்டுல ரெண்டு நாளு இருந்துட்டு வரலாம்" என்றாள். நாம் என்று சொல்லவில்லை என்றாலும் குரலில் அது இருந்தது.

வளைவுக்கு அப்பால் பண்ணாடி அப்போதுதான் ஒருவழியாக வண்டியை எடுத்தார். கிளச்சைச் சரியாக அமுத்தாமல் கியரைப் போட்டிருக்க வேண்டும். கர்ரென்று ஒரு சத்தம், இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம், வயல் தாண்டிக் கேட்டது. தீர்த்தகிரியின் உடம்பு அப்படியே திரும்பியது. ஒரு எட்டு எடுத்தும் வைத்துவிட்டான். "ஐயோ, அடி வரைக்கும் அமுத்தோணும்... பல்லு போயிருமே" என்று முனகினான். வண்டி குலுங்கி, சமாளித்து, நல்ல குரலில் ஓடத் தொடங்கியது. அந்தக் குரல் தேயத் தேய அவன் தலை சாய்ந்து சாய்ந்து அதன் பின்னாலேயே போனது.

ராசாத்தி மூட்டையை அவன் தோளிலிருந்து எடுத்தாள். எடுத்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டு முடிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.